மஞ்சள் கட்டம் விழுந்தால்

என்னிடம் வேலை கற்றுக்கொண்ட உங்களில் ஒருத்தி போன வாரம் போனில் கேட்டாள். "மேடம், ஒரு பயணி ஸ்கேனருக்குள்ள வரவே மாட்டேன்னு அடம்பிடிச்சா என்ன செய்யணும்?"

பயிற்சியில் அதற்கு ஒரு பக்கமே இருக்கிறது. மறுத்தால் கையால் சோதனை. துணித் திரைக்குப் பின்னால், பெண்ணுக்குப் பெண். அதைத்தான் நானும் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அவளுக்குத் தெரியாத விதி இல்லை அது. அந்த நேரத்தில் எந்த முகத்தோடு நிற்பது, என்ன குரலில் பேசுவது என்று கேட்டிருக்கிறாள். அதைச் சொல்லும் தகுதி எனக்கு ஒரே ஒரு தப்பினால் வந்தது. அதை எழுதுகிறேன். நீங்கள் ஆறு பேரும் படித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் எஸ்தர். உங்களுக்கு மேடம். பிறந்து வளர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். இருபத்தோரு வயதில் பாதுகாப்புப் படைச் சீருடை போட்டேன். பாதி சர்வீசுக்கு மேல் விமான நிலையங்களில்தான் போனது, அதுவும் எல்லாம் வடக்கே. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் மாப்பிள்ளை வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "வேலையை எப்ப விடுவா?" நான் விடவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஊர் வீட்டைத் தம்பி விற்றுவிட்டான். தமிழ் பேசுவதற்கு எனக்கு ஆளே இல்லாமல் போன வருடங்கள் உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது நான் இருந்த விமான நிலையத்தில் உடல் ஸ்கேனரைச் சோதனைக்காகக் கொண்டுவந்து வைத்தார்கள். கண்ணாடிக் கூண்டு மாதிரி இருக்கும். உள்ளே போய்க் கால் தடத்தில் காலை வைத்து, கையைத் தூக்கி நின்றால் இரண்டு மூன்று விநாடியில் முடிந்துவிடும். திரையில் தெரிவது ஒரு பொம்மைப் படம். குண்டானவருக்கும் ஒல்லியானவருக்கும் கிழவிக்கும் குமரிக்கும் அதே பொம்மைதான். சந்தேகப்படும்படி ஏதாவது இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு மஞ்சள் கட்டம் விழும்.

ஆனால் வரிசையில் நிற்பவர்களுக்கு இது தெரியாது. சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அம்மணமாகத் தெரியும் என்றுதான் பாதிப் பேருக்கு நினைப்பு. திரைக்குப் பின்னால் எங்கேயோ நாலு ஆம்பளைகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு கல்லூரி ஆசிரியை என்னிடம் சண்டைக்கே வந்தார். திரையைத் திருப்பிக் காட்டினேன். "இது எங்களுக்குக் காட்டுறதுக்கு. உங்களுக்கு வேற திரை இருக்கும்" என்றார். மாசமாக இருக்கும் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒதுங்குவார்கள். கோட்டுப் போட்ட ஆம்பளைகள் "படம் நல்லா வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தாங்களே சிரித்துக்கொள்வார்கள். இளசுகளுக்கு எந்தக் கவலையும் இல்லை. சீக்கிரம் முடிந்தால் சரி. ஒரு பெரியவர் அரைஞாண் கயிற்றுக்குக் கட்டம் விழுந்ததும், "எங்க அப்பா கட்டினது, அவுக்க மாட்டேன்" என்று இந்தியில் சத்தம் போட்டார். அவிழ்க்கச் சொல்லவே இல்லை நாங்கள்.

எனக்கு எரிச்சலாக இருக்கும். இந்த மிஷின் வந்த பிறகு நாங்கள் ஆட்களைத் தடவிப் பார்ப்பது குறைந்திருக்கிறது, அதற்குப் போய் இவ்வளவு பயமா என்று. பயம் முழுக்க மிஷினைப் பற்றியது என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் காசிக்குப் போய்விட்டுத் திரும்பும் யாத்திரைக் கூட்டம் ஒன்று வந்தது. பெண்கள் மட்டும் பத்துப் பன்னிரண்டு பேர். விமானம் மாறி மதுரைக்குப் போக வேண்டும். முந்தின விமானம் தாமதமாக வந்ததால் அவர்களுக்கு நேரம் இல்லை. ஒலிபெருக்கியில் அவர்கள் விமானத்தின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் மேற்பார்வை அதிகாரி கைதட்டி, "சீக்கிரம், சீக்கிரம்" என்று முடுக்கினார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே என் காதில் விழுந்தது, "எம்புட்டு நேரந்தான் நிக்கிறது? காலு கடுக்குதுல்ல!"

திரும்பிப் பார்த்தேன். மதுரைத் தமிழ் அங்கே எப்போதாவது கேட்கும். இது அதுகூட இல்லை, எங்கள் பக்கத்துத் தமிழ். வரிசையில் முதலில் நின்ற அம்மாவிடம், "எந்த ஊருக்கா நீங்க?" என்று கேட்டேன்.

அவர் என் சீருடையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏந்தாயி, நீங்க நம்ம பக்கமா? நான் மம்சாபுரம். பேரு ராமலட்சுமி. எங்கூட வந்தவுக ராசபாளையம், சுந்தரபாண்டியம்னு எல்லாரும் சுத்துப்பட்டுதான்."

"நான் சீவில்லிபுத்தூர்க்கா."

"ஆத்தாடி! இம்புட்டுத் தூரத்துல வந்து நம்மூருப் பிள்ளைய பாக்கணும்னு இருக்கே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அன்றாடம் நூற்றுக்கணக்கானவர்களைத் தொடுகிறவள். என்னை யாரும் தொட்டு வெகுநாள் ஆகியிருந்தது. கையை இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "இதுக்குள்ள போனா எல்லாம் தெரியுமாமே தாயி?"

"ஒண்ணும் தெரியாதுக்கா. பொம்மை படம் மாதிரி வரும். நாந்தான இருக்கேன், பயப்படாம போங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

என் பேச்சை நம்பி உள்ளே போனார். காலை வைத்தார், கையைத் தூக்கினார். திரையில் பொம்மையின் இடது மார்பில் மஞ்சள் கட்டம் விழுந்தது.

இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்றும் பேசாமல் துணித் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆனால் திரைக்குப் பின்னால் வேறொரு பயணி இருந்தார், குழந்தையோடு. செத்த நேரம் ஆகும் போலிருந்தது. ராமலட்சுமி கூண்டை விட்டு வெளியே வந்து மிஷின் திரையைப் பார்த்தார். கட்டத்தைப் பார்த்தார். இரண்டு கையாலும் மாரை இறுக்கிப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

மேற்பார்வை அதிகாரி அதைக் கவனித்துவிட்டார். அப்படி ஒருவர் நின்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். "என்ன அது? என்ன வைத்திருக்கிறாள்?" என்று இந்தியில் கத்தினார். இரண்டு காவலர்கள் நெருங்கி வந்தார்கள். இன்னும் அரை நிமிடம் போனால் வேறு விதமாக ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அந்த அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தமிழில் கேட்டேன்.

"அக்கா, நெஞ்சுல என்ன வச்சிருக்கீக?"

உதடு மட்டும் அசைந்தது. "பஞ்சு தாயி."

"பஞ்சா? மார்புல ஆப்பரேசன் ஆச்சா? கேன்சரா?"

அவர் முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"அதுக்கா இப்பிடி நடுங்குறீக! தினமும் நாலு பேரு இப்பிடி வாராகக்கா. ஒரு பக்கம் எடுத்துட்டா என்ன? இதுல ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமே என்று நல்ல சத்தமாகவே சொன்னேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். சுற்றி நிற்கும் காவலர்களுக்கும் அதிகாரிக்கும் ஒரு வார்த்தை புரியாது, தமிழில் கேட்டால் மானம் போகாது என்று எனக்குள் ஒரு கணக்கு. இவ்வளவு வருடம் யாருக்கும் புரியாத பாஷையாகவே என் தமிழ் இருந்து பழகிவிட்டது. எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கு அது புரியாமல் இருக்கலாம். ராமலட்சுமிக்குப் பின்னால் நின்றவர்கள் அத்தனை பேரும் அவருடைய ஊர்க்காரர்கள்.

அவ்வளவு நேரமும் கலகலவென்று பேசிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று அடங்கிவிட்டார்கள். அந்த அமைதியில்தான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது.

திரைக்குப் பின்னால் இடம் காலியானதும் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ரவிக்கைக்குள் இரண்டு ஊக்குப் போட்டு ஒரு சின்னத் துணிப்பை. பழைய வேட்டித் துணி. உள்ளே பஞ்சு, கனத்துக்காகக் கொஞ்சம் கேப்பைத் தானியம். தையல் அவ்வளவு நெருக்கமாக, சுத்தமாக இருந்தது. சோதித்தேன். "சரிக்கா" என்றேன்.

ஊக்கைத் திரும்பப் போட்டுக்கொண்டே சொன்னார். "கர்ப்பப்பை ஆப்பரேசன்னுதான் ஊருல சொல்லியிருக்கோம். வெளிய நிக்கிறாகல்ல, மூக்குத்தி போட்டவுக, அவிய எம் மகளுக்குப் பேசி வச்சிருக்கிற மாப்பிள்ளைக்கு அத்தை."

கோபமாகச் சொல்லவில்லை. முகவரி சொல்வதுபோல் சொன்னார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்.

அரை மணி நேரம் கழித்து எனக்கு மாற்று ஆள் வந்தார். ஓட்டமாக அவர்கள் விமானத்தின் வாசலுக்குப் போனேன். விமானம் இன்னும் கிளம்பவில்லை, அவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் அவ்வளவு அவசரப்பட்டிருக்க வேண்டியதில்லை. ராமலட்சுமிக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி காலி, அந்தப் பக்கம் இரண்டு நாற்காலி காலி. மற்றவர்கள் எதிர் வரிசையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். போய்ப் பக்கத்தில் உட்காரலாம் என்று நினைத்தேன். சீருடையில் நான் போனால் மறுபடியும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். தூணோரமாகவே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் நானே போய், அந்த மேற்பார்வை அதிகாரிக்கும் மேலே இருந்த அதிகாரியிடம் சொன்னேன். கண்டிப்பான பெண்மணி. தப்பு செய்தால் விட மாட்டார். கேமராப் பதிவைப் போட்டு இரண்டு முறை பார்த்தார். "பயணி பதறினார். நீ அவரை அமைதிப்படுத்தினாய். பிறகு திரைக்குப் பின்னால் கூட்டிப் போனாய். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?" என்றார். கேமராவில் சத்தம் பதிவாவதில்லை. நான் பேசியது எதுவும் அதில் இல்லை. என்ன பேசினேன் என்று மொழிபெயர்த்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அனுதாபமாகத்தானே பேசியிருக்கிறாய்" என்றார். தண்டித்திருந்தால் அத்தோடு முடிந்ததாக நினைத்திருப்பேன்.

ஓய்வு பெற்று வந்து ராஜபாளையத்தில் மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள். நல்ல மனிதர்கள். குடிவந்த புதிதில் வீட்டுக்கார அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார், "அந்த மிஷின்ல நீங்க எல்லாரையும் பாத்திருப்பீங்கள்ல?" பொம்மை, கட்டம் எல்லாம் விளக்கிச் சொன்னேன். தலையை ஆட்டினார். மறுநாளில் இருந்து நான் படியிறங்கி வந்தால் அவர் கை தன்னால் முந்தானைக்குப் போகிறது. சர்ச்சிலும் அப்படித்தான். என் பெஞ்சில் உட்காரும் பெண்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். வேண்டுமென்று செய்வதில்லை. நான் எதையும் பார்க்கவில்லை என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல முடியுமா? நாள் முழுக்க மொட்டைமாடியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சில நாள் சாயங்காலம்வரை ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன், கடையில் "பால் பாக்கெட்" என்று சொன்னதைத் தவிர.

மலையைப் பார்க்கும்போது அதன் அடிவாரத்துப் பக்கம் மம்சாபுரம் இருக்கிறது என்ற நினைப்பு வராமல் இருந்ததில்லை. பஸ்ஸில் ஏறினால் செத்த நேரத்தில் போய்விடலாம். அதற்கு எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இந்த வருடம் பொங்கல் கழிந்து ஒரு காலையில் போனேன். பஸ் நிறுத்தத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரரிடம், "ராமலட்சுமிங்கிறவுக வீடு எங்கன இருக்கு?" என்று கேட்டேன்.

"எந்த ராமலட்சுமி? ஊருக்குள்ள நாலஞ்சு பேரு இருக்காக."

"காசிக்குப் போயிட்டு வந்தவுக."

"ஓ, ஆப்பரேசன் ராமலட்சுமியா?" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. ஊரில் அடையாளத்துக்கு எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொன்னார். "நேரா போயி ரெண்டாவது சந்து. வேப்பமரம் நிக்கும்."

அந்தப் பெயர் நான் வைத்தது. டீ வாங்காமலே நடந்தேன்.

ராமலட்சுமி வீட்டு முற்றத்தில் கத்தரிக்காயைக் கொட்டி வைத்துச் சொத்தையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று, "அக்கா" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். சேலை கட்டியிருந்த என்னை அடையாளம் தெரியவில்லை. "சீவில்லிபுத்தூர்க்காரி. ஏர்போட்டுல..." என்றதும் கையில் இருந்த காயைக் கூடையில் போட்டார்.

"உள்ள வாங்க. வாசல்ல நிக்காதீக."

உள்ளே கூட்டிப் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். தண்ணீர் கொடுத்தார். அப்போதுதான் கவனித்தேன், ரவிக்கையின் இடது பக்கம் தட்டையாக இருந்தது. என் கண் போன இடத்தை அவரும் பார்த்துவிட்டார்.

"இப்ப எதுவும் வைக்கிறதில்ல. தெரியாதவுக யாரு இருக்கா, மறைக்கிறதுக்கு?"

"மக..." என்று ஆரம்பித்தேன்.

"அந்த இடம் நின்னு போச்சு. மதுரையில இறங்குறதுக்குள்ளயே அவியளுக்குள்ள முடிவு பண்ணிட்டாக. தாய்க்கு வந்தா மகளுக்கும் வருமாம்ல. பொறவு மூணு வருசம் யாரும் எட்டிப் பாக்கல. இப்பத்தான் தேனிப் பக்கம் ஒரு இடத்துல முடிஞ்சுது. விசயத்தச் சொல்லித்தான் குடுத்தோம். நல்லாத்தான் இருக்கா."

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"அவ நல்லா இருக்கதுனால நீங்க செஞ்சது இல்லைன்னு ஆயிருமா?" என்றார்.

"ஆகாதுக்கா. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். மொதல்லயே வந்திருக்கணும். தைரியம் வரல."

"நீங்க வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும். அதுனால உங்க மேல கோவப்படவும் முடியல. அதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு." தண்ணீர்ச் செம்பை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா மனசுல கிடக்கு. அன்னைக்கு அந்த மிஷின்ல நெசமா என்ன தெரிஞ்சுது? நான் பாத்தேன், பதட்டத்துல ஒண்ணும் வெளங்கல."

"ஒரு பொம்மைக்கா. எல்லாருக்கும் வர்ற அதே பொம்மை. எடது பக்கம் ஒரு மஞ்சக் கட்டம்."

"என் உடம்பு?"

"தெரியாது."

"ஆப்பரேசன் ஆனது?"

"தெரியாதுக்கா. அங்க என்னமோ இருக்குன்னு மட்டுந்தான்."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். "ஊர்ல எல்லாரும் அந்த மிஷினத்தான் வைறாக. பொம்பளைக மானத்த வாங்குற மிஷினுன்னு. யாத்திரைக்கு இனிமே ரயில்லதான்னு சொல்லிட்டாக. நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்." என்னைப் பார்த்தார். "அது ஒண்ணுஞ் சொல்லலையே தாயி. நீங்கதான சொன்னீக."



வெளியே யாரோ பேசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து கதவு இடுக்கு வழியே பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் வந்ததும்கூட அவருக்கு ஒரு தொந்தரவுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யார் வந்தது, எதற்கு வந்தது என்று நாலு பேர் கேட்பார்கள். அவர் ஏதாவது பதில் சொல்ல வேண்டும். என் மனசு ஆற வேண்டும் என்பதற்காக அவரை மறுபடியும் ஊரார் முன்னால் நிறுத்தியிருக்கிறேன்.

"நான் கிளம்புறேன்க்கா."

"பஸ்ஸு வர நேரமாகும். ரோட்டுல போயி நிக்காதீக. இங்கனயே இருங்க."

இருந்தேன். அவர் கத்தரிக்காயை உள்ளே அள்ளிக்கொண்டு வந்து பொறுக்கினார். நானும் தரையில் உட்கார்ந்து ஒரு கூடையை இழுத்துக்கொண்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் ஹாரன் கேட்டதும், "போயிட்டு வாங்க" என்றார். எல்லாரிடமும் சொல்கிற மாதிரிதான் சொன்னார். மறுபடி வரச் சொல்லிக் கூப்பிட்டதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு போகவும் இல்லை.

போனில் கேட்ட பெண்ணே, உனக்கு என் பதில் இவ்வளவுதான். வர மாட்டேன் என்று நிற்பவள் மிஷினைப் பார்த்துப் பயப்படுவதாகத்தான் தெரியும். சில சமயம் அது மட்டும்தான். சில சமயம் அவளுக்குப் பின்னால் நிற்பவர்களை நினைத்துத்தான் பயம். அவர்கள் யார் என்று மிஷின் திரையில் தெரியாது, நீதான் திரும்பிப் பார்க்க வேண்டும். துணித் திரைக்குப் பின்னால் இடம் காலியாகும்வரை காத்திரு. பின்னால் இருந்து யார் கத்தினாலும் காத்திரு. ஆறுதல் சொல்ல நாக்குத் துடிக்கும். முக்கியமாக உன் ஊர்ப் பேச்சைக் கேட்டுவிட்டால் ரொம்பத் துடிக்கும்.

அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்தார், மடியில் பூக்கூடையோடு. என்னை ஊருக்குப் புதிது என்று பார்த்ததும் தெரிந்துகொண்டார். அன்பான முகம். என்னோடு யாராவது அப்படி வலிய வந்து பேசி எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"எந்த ஊரு நீங்க?"

"ராசபாளையம்."

"வேப்பமரத்துச் சந்துக்குள்ள இருந்து வந்தீகளே, யாரு வீட்டுக்கு வந்தீக?"

"யாரு வீட்டுக்கும் இல்லம்மா," என்றேன். "வழி தப்பி உள்ள போயிட்டேன்."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. ராஜபாளையம் வரும்வரை இரண்டு பேரும் அவரவர் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.